வில்லங்கச் சான்றில் ஏறாத அடமானம்

நாளிதழில் வெளியாகும் அறிவிப்புகளுள் மிகக் குறைந்தோர் படிப்பது நில உபயோக மாற்றத்துக்கான அறிவிப்பாகத்தான் இருக்கவேண்டும். நினைவஞ்சலிக்கும் ஏல விளம்பரத்துக்கும் இடையே, கண்ணாடி அணிந்தோரும் தடுமாறும் சிற்றெழுத்தில் அது இருக்கும். இன்ன கிராமத்தில், இன்ன சர்வே எண்களில் அடங்கிய நிலத்தை வேளாண்மை உபயோகப் பகுதியிலிருந்து முதன்மைக் குடியிருப்பு உபயோகப் பகுதியாக மறுவகைப்பாடு செய்யக் கோரப்பட்டுள்ளது. ஆட்சேபனை இருப்பவர்கள் குறித்த நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அவ்வளவே. அந்த நான்கைந்து வரிகளில் ஒரு வயலின் கதை முடிந்து ஒரு நகரின் கதை தொடங்குகிறது.

மாங்காட்டில் வாழும் எங்களுக்கு அத்தகைய அறிவிப்பு ஒன்று கைக்கு வந்தது. எங்கள் தெருக்கோடியில், இன்னும் மனை பிரிக்கப்படாமல் எஞ்சியிருந்த ஒரு நிலப்பரப்பைப் பற்றியது அது. அன்பியக் கூட்டத்தில், இறைவார்த்தைப் பகிர்வு முடிந்து தேநீர் வருவதற்கு முன்பாக, ஒருவர் அந்தத் தாளை விரித்து உரக்கப் படித்தார். கூட்டத்தின் போக்கு அத்துடன் மாறிப்போயிற்று.

சட்டத்தின் வழி இது. சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அரசாணை மூலம் ஒப்புதல் பெற்றது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஓர் உபயோகத்தை அத்திட்டம் வகுத்திருக்கிறது: குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என்று. வகுத்ததை மாற்றவும் வழியுண்டு. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு அதற்கு இடம் தருகிறது. விண்ணப்பம், அறிவிப்பு, ஆட்சேபனை, பரிசீலனை, இறுதியில் அரசிதழில் ஒரு திருத்தம். வரைபடத்தில் ஒரு நிறம் அழிந்து மற்றொரு நிறம் ஏறும். தவறென்று இதில் எதையும் சுட்டிக்காட்ட முடியாது. மாறாத திட்டம் உயிருள்ள ஊருக்குப் பொருந்தாது என்பதை யாவரும் அறிவோம். எனினும், ஆட்சேபிக்கும் உரிமை யாருக்கு உண்டு, அதை எந்த முகத்துடன் ஒருவர் பயன்படுத்துவது என்ற கேள்வியைச் சட்டம் நம்மிடமே விட்டுவிடுகிறது. அந்தக் கேள்வியில்தான் நாங்கள் சிக்கினோம்.

எங்கள் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாமரக் காடு என்று பெயர் பெற்ற ஊர் இது. அம்மரத்தடியில் ஒற்றைக் காலில் நின்று காமாட்சி தவம் செய்தாள் என்பது தலபுராணம். வடக்கே பூவிருந்தவல்லி, தெற்கே சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி, கிழக்கே போரூர் ஏரி. ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்ற பழைய செங்கற்பட்டின் நிலம். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் இறங்கும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றின் கரைகள் மூழ்கியதை நாடே அறியும். எங்கள் பகுதியின் பெயர் செய்திகளில் அடிபட்டது அதற்குப் பின்னர். 2021ஆம் ஆண்டும் 2022ஆம் ஆண்டும் வடகிழக்குப் பருவமழையில் மாங்காடு, கொளப்பாக்கம், மௌலிவாக்கம் பகுதிகளின் தெருக்களில் நீர் வடியாமல் நின்றது. முழங்கால் நீரில் பால் பாக்கெட்டைத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு நடந்த காலைகளை நாங்கள் மறக்கவில்லை.

மௌலிவாக்கம் என்ற பெயரைக் கேட்டாலே இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2014 ஜூன் 28 மாலை, கொட்டும் மழையில், கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் ஒன்று தன் எடையிலேயே சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். அவர்களுள் ஒருவரும் அக்கட்டடத்தில் வீடு வாங்கியவர் அல்லர். வேலை தேடி ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள். அருகே நின்ற மற்றொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அன்று எழுந்த தூசியை எங்கள் மொட்டை மாடிகளிலிருந்து பார்த்தோம்.

ஆகவே அன்பியக் கூட்டத்தில் பேச்சு சூடேறியதில் வியப்பில்லை. மழைநீர் எங்கே போகும்? இருக்கும் ஒரே வயலும் மேடாகிவிட்டால் எங்கள் வீட்டுக்குள்தானே வரும்? நிலத்தடி நீர் என்ன ஆகும்? வெளிவட்டச் சாலை வந்தது, மெட்ரோ தடம் வந்தது, பேரூராட்சி 2021இல் நகராட்சி ஆனது, இன்னும் எத்தனை வீடுகளைத்தான் இந்த ஊர் தாங்கும்? ஒருவர் ஆட்சேபனை மனுவின் வாசகத்தையே சொல்லத் தொடங்கிவிட்டார். 2015 ஜூன் மாதம் போரூர் ஏரிக்குள் மண் கொட்டிக் கரை எழுப்பப்பட்டபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்ததையும், விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதையும் எடுத்துக்காட்டி, மக்கள் வாய்திறந்தால் நடக்கும் என்று அவர் ஊக்கமளித்தார்.

அப்போதுதான் மூலையில் அமர்ந்திருந்த பாட்டி பேசினார். கூட்டங்களில் செபமாலை சொல்வதோடு சரி, அவர் பேசிக் கேட்டவர்கள் எங்களில் குறைவு.

“சார், நாங்க நாத்து நட்ட கழனி மேலதான் உங்க வூடெல்லாம் நிக்குது. அப்ப எந்தப் பேப்பர்ல போட்டு எங்கள கேட்டாங்க?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டதுபோல்தான் இருந்தது. தேநீர் வந்தது. மனு எழுதுவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அந்த வாரம் முழுவதும் எங்களுள் சிலர் அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோம். நாபோத்தின் திராட்சைத் தோட்டம். மறையுரைகளில் பலமுறை கேட்ட கதைதான். ஆயினும் இம்முறை அது வேறுவிதமாகக் கேட்டது. ஆகாபு அரசன் கோரியது என்ன? திராட்சைத் தோட்டத்தைத் தன் அரண்மனைக்கு அடுத்த காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். விவிலியத்தில் பதிவான நில உபயோக மாற்றக் கோரிக்கை என்றே அதைச் சொல்லலாம். அவன் இழப்பீடு தர மறுக்கவும் இல்லை; அதைவிட நல்ல தோட்டம் அல்லது அதன் விலை, எது வேண்டுமோ அது என்றான். இன்றைய அளவுகோலில் மிக நேர்மையான பேரம். நாபோத்து மறுத்தான். மூதாதையர் வழி வந்த நிலம் விற்பனைப் பண்டம் அன்று என்பது அவன் நம்பிக்கை. இஸ்ரயேலின் சட்டமும் அதைத்தான் சொல்லியது: நிலம் ஆண்டவருக்கு உரியது, மனிதர் அதில் அந்நியரும் விருந்தினருமே.

இத்தனை காலமும் நாங்கள் கவனிக்கத் தவறியது அதற்கடுத்த பகுதியை. ஈசபேல் படையை அனுப்பவில்லை, மடல்களை அனுப்பினாள். அரச முத்திரை இட்ட மடல்கள். அவை நாபோத்து வாழ்ந்த நகரின் பெரியோருக்கும் உயர்குடியினருக்கும் சென்றன. நோன்பு அறிவிக்கப்பட்டது, சபை கூடியது, சட்டம் கேட்டபடி இரண்டு சாட்சிகள் நிறுத்தப்பட்டார்கள், தீர்ப்பு வழங்கப்பட்டது, நாபோத்து ஊருக்கு வெளியே கல்லால் எறியப்பட்டான். முறை பிசகாத கொலை. அதை நிறைவேற்றியவர்கள் அரண்மனைவாசிகள் அல்லர், அண்டைவீட்டார். குடியிருப்போர் நலச் சங்கம் என்று ஒன்று இஸ்ரியேலில் இருந்திருந்தால், அந்தப் பெரியோர்தாம் அதன் நிர்வாகிகளாக இருந்திருப்பார்கள். அந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் நம்மை நாபோத்தாக எண்ணிக்கொள்வது எளிது. நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயராக இருந்த புனித அம்புரோசியார் நாபோத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். நாபோத்து ஒருவன் மட்டுமல்லன், நாள்தோறும் ஒரு நாபோத்து வீழ்த்தப்படுகிறான் என்ற பொருளில் அதைத் தொடங்கினார். அவர் பேசியது செல்வரை நோக்கி. அந்தச் செல்வரின் வரிசையில் மூன்று சென்ட் மனைக்காரர்களாகிய எங்களுக்கும் ஓர் இடம் உண்டா என்பதே அந்த வாரத்தில் எங்களை உறுத்தியது.

எங்கள் மனைகளின் வரலாறு மறைக்கக்கூடியதன்று. பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பெயரில் விற்கப்பட்டவை அவற்றுள் பல. அந்த அப்ரூவலை வழங்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது என்கிறோம். தெரிந்துகொள்ளும் அவசரமும் எங்களுக்கு இருக்கவில்லை என்பதே சரி. 2016 செப்டம்பர் 9ஆம் நாள், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது தமிழ்நாடு முழுவதும் பதிவு அலுவலகங்கள் ஏறத்தாழ முடங்கின. மறு ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் செலுத்தினோம், மனைகள் முறைப்படுத்தப்பட்டன. மதகிலிருந்து அந்தக் கழனிகளுக்கு நீர் கொண்டுவந்த கால்வாய்க்கு எந்த வரன்முறைத் திட்டமும் வரவில்லை. அதன் ஒரு பகுதி எங்கள் தெருவாகவும், மற்றொரு பகுதி சிலரது மதிற்சுவரின் அடித்தளமாகவும் ஆகிவிட்டது. தெருக்கோடியில் எஞ்சிய வயலுக்கு நீர் வராமற்போனதும் அதனால்தான்.

அந்த வயலின் உரிமையாளரையும் எண்ணிப்பார்க்கவேண்டும். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் விற்றுவிட்டார்கள். நீர் இல்லை. நடவுக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர் மட்டும் எங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவும் எங்கள் மழைநீருக்கு வடிகாலாகவும் அந்த நிலத்தைக் காலமெல்லாம் காத்துவரவேண்டும் என்று, அதே விதமான நிலத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் மனு எழுதுவது என்ன நியாயம்? பேருந்தில் கடைசியாக ஏறியவர்தான் இனி இடமில்லை என்று உரக்கச் சொல்வார் என்பது அனைவரும் கண்ட காட்சி.

ஆட்சேபிக்கும் உரிமைக்கு இந்த மண்ணில் ஒரு பழைய வரலாறும் உண்டு, அது பெருமைக்குரியதன்று. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்தைத் தர்காஸ்து முறையில் கேட்டுப் பெறலாம் என்று விதி இருந்தது. ஆனால் மிராசுதாரர்களுக்கு முன்னுரிமை உண்டு. அவர்கள் ஆட்சேபித்தால் ஏழையின் விண்ணப்பம் தள்ளுபடியாகும். தாங்களும் உழாத நிலத்தைத் தம் பண்ணையாள்கள் பெற்றுவிடக் கூடாதென்று ஆட்சேபித்தவர்கள் அன்று இருந்தார்கள். அந்த அறிக்கையின் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அவை பிறர் கைக்கு மாறியதும், அவற்றை மீட்கக் கோரி இதே மாவட்டத்தின் காரணையில் திரண்ட மக்கள்மீது 1994 அக்டோபர் 10ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததும் இவ்விதழின் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் அன்பியத்தின் பாட்டி அந்த நெடிய வரிசையில் வருபவர். பட்டா, சிட்டா, அடங்கல் எதிலும் அவருடைய குடும்பத்தின் பெயர் ஒருபோதும் இருந்ததில்லை. அந்தக் கழனியின் சேறு எந்த மூலையில் எவ்வளவு ஆழம் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவரும் இல்லை.

ஆகவே ஆட்சேபிக்க வேண்டாமா? தவறு செய்தவனுக்குத் தவறைத் தடுக்கும் உரிமை இல்லை என்றாகிவிட்டால், மனித வரலாற்றில் எந்தத் தவறும் நின்றிருக்காது. நாபோத்தின் மூதாதையருக்கு அந்தத் தோட்டம் கிடைத்த விதத்தையும் விவிலியம் ஒளிக்கவில்லை; அது கானானியரின் நிலம். அதனால் ஆகாபின் செயல் நீதியாகிவிடவில்லை, எலியா வாய் மூடிக்கொள்ளவும் இல்லை. வயல் மேடானால் நீர் தாழ்ந்த தெருக்களில் நிற்கும் என்பது, அதைச் சொல்பவர் யாராயிருந்தாலும், உண்மையே. சுற்றுச்சூழலைப் பாதிக்கும் முடிவுகளில் அந்த இடத்து மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் சுற்றுமடலில் வலியுறுத்தியிருக்கிறார். அந்த இடத்து மக்கள் என்பதற்குள் யார் யார் அடங்குவர் என்பதில்தான் எங்கள் மனச்சான்று நெருடியது.

இங்கே திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் ஒரு சொல் எங்களுக்கு உதவிற்று. 1979இல் மெக்சிகோ நாட்டின் புவேபிளாவில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்களிடம் பேசும்போதும், பின்னர் 1987இல் சமூக அக்கறை பற்றி எழுதிய சுற்றுமடலிலும், தனியார் சொத்து ஒவ்வொன்றின்மேலும் ஒரு சமூக அடமானம் இருக்கிறது என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அடமானம் என்ற சொல்லின் முழுக் கனமும் நம் நாட்டில் மனை வாங்கியவருக்குத்தான் தெரியும். முன்பணம் கொடுப்பதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்போம். வங்கிக் கடன் உண்டா, பங்காளி வழக்கு உண்டா, பவர் பத்திரம் செல்லுமா என்று வழக்கறிஞரிடம் காட்டுவோம். வில்லங்கம் இல்லை என்று வந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்வோம். அந்தச் சான்றில் ஏறாத ஓர் அடமானத்தைப் பற்றித் திருத்தந்தை பேசுகிறார். எங்கள் மனை எந்த நீரைத் தடுத்து நிற்கிறதோ அந்த நீருக்கும், எந்தக் கைகளின் வேலையை அது இல்லாமலாக்கியதோ அந்தக் கைகளுக்கும், பின்னால் இங்கு வந்து குடியேறப் போகிறவர்களுக்கும் அது கடன்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலும் பின்னோக்கிச் செல்லும் கடன் அது. கிரயம் முடிந்தவுடன் தீர்ந்துவிடுவதும் அன்று.

இப்படிப் பார்த்தால் ஆட்சேபனை என்பதன் தன்மையே மாறிவிடுகிறது. என் சொத்துக்குக் கேடு வருகிறது, தடுத்து நிறுத்துங்கள் என்பது ஒரு வகை மனு. என் சொத்தும் சேர்ந்தே கடன்பட்டிருக்கிறது, அளவெடுக்கும்போது என் வாசலிலிருந்து தொடங்குங்கள் என்பது வேறொரு வகை. முன்னதை எழுதுவதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். பின்னதற்கு மதிற்சுவர் தேவைப்படலாம்.

நகரங்களில் நீர்வழிகளைக் காக்கப் புறப்படும்போது முதலில் யாருடைய வீடு இடிக்கப்படுகிறது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றின் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்த இடத்திலும் மழைக்கு வெள்ளம் சூழ்ந்தது. ஆக்கிரமிப்பாளர் என்ற சொல் பட்டா இல்லாதவருக்கு மட்டுமே உரிய பட்டம்போல் ஆகிவிட்டது. முத்திரைத் தாளில் எழுதிப் பதிவு செய்த ஆக்கிரமிப்புக்கு முதலீடு என்று பெயர்.

மறுவாரக் கூட்டத்தில் மனு எழுதினோம். அது நாங்கள் முதலில் நினைத்ததைவிட நீளமாகவும், சொன்னால் நம்பமாட்டீர்கள், கடினமாகவும் அமைந்தது. மறுவகைப்பாட்டை அடியோடு நிராகரிக்குமாறு நாங்கள் கேட்கவில்லை. நில உரிமையாளர் விற்க விரும்பும் உரிமையை மறுக்கவும் இல்லை. பழைய வருவாய்த்துறை வரைபடத்தில் காணும் கால்வாய் முழுவதும், எங்கள் தெருவுக்கு அடியில் போகும் பகுதி உட்பட, முதலில் அளக்கப்பட வேண்டும். அதன் அகலம் மீட்கப்படும்வரை எவருக்கும் எந்த மாற்றமும் வழங்கலாகாது. மீட்பதற்கு எங்கள் மதிற்சுவர்கள் தடையாயிருந்தால் அவற்றையும் அகற்ற உடன்படுகிறோம். அந்த நிலத்தில் வேலை செய்து வாழ்ந்த குடும்பங்களின் கருத்தையும் கேட்கவேண்டும் என்று எழுதினோம். மூன்றாம் கோரிக்கையைப் படித்தபோது அறையில் யாரும் பேசவில்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மனுவின் வாசகத்தைப் போன வாரம் மனப்பாடமாகச் சொன்ன நண்பர் வீட்டின் முன்மதில், கால்வாயின்மேல் நிற்பது எல்லாருக்கும் தெரியும். அவர் கையெழுத்திடவில்லை. அவரைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. ஓய்வூதியப் பணத்தில் எழுப்பிய சுவர் அது. கையெழுத்திட்டவர்களுள் பாதிப்பேருடைய சுவருக்கு ஆபத்தில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மற்றப் பாதியில் ஒருவர் கையெழுத்திட்டபின் இரவு தொலைபேசியில் அழைத்து, தம் பெயரை அடித்துவிட முடியுமா என்று கேட்டார். காலையில் மறுபடி அழைத்து, இருக்கட்டும் என்றார்.

பாட்டி கடைசியாக வந்தார். கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லி, எழுத்துக்கூட்டி மெல்லத் தம் பெயரை எழுதினார். நாங்கள் வரைந்திருந்த பட்டியலில் பெயருக்கு அடுத்து முகவரி, அதற்கடுத்து மனை எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதவேண்டும் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. எந்தக் கழனியில் நடவு செய்தார் என்று கேட்டோம். ஏரிக்கரைக்குக் கீழே மூன்றாம் மடை என்று சொன்னார். அதையே அந்தக் கட்டத்தில் எழுதி, மனுவை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்தோம்.